பெரிபெரி என்ற நோய்ப்பெயர் சிங்களத்திலிருந்து வந்ததா, மலாய் மொழியிலிருந்தா?

ஊசிமருந்து (கொட்டாஞ்சேனை)

எல்லாருக்கும் வணக்கம். நான் நேர்சிங் முதலாம் வருடம். ஊட்டச்சத்துப் பாடத்தில் இப்போது விற்றமின் குறைபாடுகள் நடக்கின்றன. பெலாக்ரா என்றால் இத்தாலியில் கரடுமுரடான தோல் என்று சொல்லிக்கொண்டு போன மிஸ், பெரிபெரி வந்ததும் வகுப்பில் இருந்த சிங்களப் பிள்ளைகளைப் பார்த்து "இது உங்கட சொல்" என்றார். சிங்களத்தில் பெரி என்றால் முடியாது, நோயாளி "முடியாது முடியாது" என்று சொன்னதை வெள்ளைக்காரன் கேட்டு அப்படியே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டான் என்று கதை. வகுப்பே சிரித்தது.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் பெட்சில் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பிள்ளை இருக்கிறாள். அவள் இடைவேளையில், இல்லை, மலாய் மொழியில் பிரிபிரி என்றால் செம்மறியாடு, அதுதான் மூலம், அவளுடைய அப்பப்பா சொல்லியிருக்கிறார் என்கிறாள். ஆட்டுக்கும் விற்றமினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. நெட்டில் தேடினால் பாதி இடத்தில் சிங்களம், பாதி இடத்தில் ஆடு, ஓரிடத்தில் அரபு என்றும் கிடக்கிறது, எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது.

ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு மருத்துவச் சொல்லின் மூலமும் பொருளும் பற்றி அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும். இதைத்தான் எழுத ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். மிஸ் சொன்ன கதையை அப்படியே எழுதலாமா?

பழைய_பாமசி (தெஹிவளை)

தங்கச்சி, மிஸ் சொன்னதில் முக்கால்வாசி சரி, ஆனால் அந்த "நோயாளி சொன்னான், வெள்ளைக்காரன் கேட்டான்" என்ற பகுதியைத் தூக்கி வைத்துவிடுங்கள். அப்படி ஒரு சம்பவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. பெயருக்குப் பொருள் தெரிந்த பிறகு கட்டப்பட்ட கதை அது.

ஒக்ஸ்போர்ட் அகராதி சிங்கள மூலத்தைத்தான் ஏற்கிறது. பெரி என்றால் பலவீனம், அதை அழுத்திச் சொல்ல இரட்டித்திருக்கிறார்கள் என்பது அதன் விளக்கம். அதற்கும் முன்னால் 1886இல் வெளியான ஹொப்சன் ஜொப்சன் என்று ஒரு அகராதி இருக்கிறது, இந்தியாவிலும் இந்தப் பக்கங்களிலும் வெள்ளையர் புழங்கிய சொற்களைத் தொகுத்தது. யூல், பர்னல் என்று இரண்டு பேர் செய்த வேலை. மொழியில் ஆசை உள்ளவர்கள் ஒரு தடவை திறந்தால் மூடமாட்டார்கள். அதிலும் பெரிபெரிக்குத் தனிப்பதிவு உண்டு. சிங்கள மூலம் என்பதே மொத்தத்தில் பொருத்தமாகப் படுகிறது, இப்படிச் சொல்லை இரட்டிப்பது சிங்களத்தில் சாதாரணம் என்கிறார்கள். மற்ற ஊகங்களைப் பற்றி, ஒரு பெறுமதியும் இல்லாதவை என்ற மாதிரி முகத்தில் அடித்தாற்போல் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பதிவிலேயே நம்முடைய நாடு வருகிறது. 1795இல் திருகோணமலையில் இந்த நோயால் 200 ஐரோப்பியர் இறந்ததாகக் குறித்திருக்கிறது. அந்த வருடம்தான் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே படை வைத்தியத்துக்குப் பொறுப்பாக இருந்த தாமஸ் கிறிஸ்டி என்பவர் இலங்கையில் தான் பார்த்த பெரிபெரி பற்றி விவரமாக எழுதினார். ஆங்கில வைத்தியர்களுக்கு இந்த நோயோடு நல்ல பழக்கம் ஏற்பட்ட இடங்களில் ஒன்று இலங்கை, மற்றது சென்னை மாகாணத்தின் வடக்குக் கரையோரம். ஆகவே ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஊன்றியதற்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஊன்றியது வேறு, பிறந்தது வேறு. அதைப் பற்றி இங்கே இருக்கும் மொழிக்காரர்கள் சொல்லட்டும்.

தமிழன்டா_வத்தளை

எல்லாரும் எங்கேயோ தேடுகிறீர்கள், கண் முன்னால் இருக்கிறது. பெரிபெரி வந்தால் கால் வீங்கிப் பெரிதாகும். பெரி + பெரி. பெரிசு பெரிசு. சுத்தமான தமிழ். திருகோணமலை என்று அவரே சொல்கிறார், அங்கே யார் இருந்தார்கள்? தமிழனிடம் கேட்டு எழுதிவிட்டு சிங்களம் என்று போட்டுவிட்டார்கள். வழக்கம்தானே.

இருமொழி (வெள்ளவத்தை)

வத்தளைத் தம்பி, தமிழுக்கு வாழ்த்து, ஆனால் இது நிற்காது. பெரி என்பதைத் தனியாக யாரும் பேச்சில் சொல்வதில்லை, பெரிய, பெரிசு என்றுதான் வரும். காலை வைத்து நோய்க்குப் பெயரிட வேண்டியிருந்தபோது தமிழன் யானைக்கால் என்று வைத்தான், பார்த்தவுடன் விளங்குகிறது. அதோடு இந்த நோயில் வீக்கமே இல்லாத வகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, திருகோணமலைச் சாவுகள் 1795. சொல் அதற்கு 200 வருடத்துக்கு மேல் பழையது. திருகோணமலையில் யாரிடம் கேட்டார்கள் என்பது விஷயமே இல்லை.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில், அதனால் இந்தச் சொல் எனக்குத் தினசரிச் சாப்பாடு. அகராதிகள் பெரி என்றால் பலவீனம் என்று பெயர்ச்சொல்லாக எழுதுவது கொஞ்சம் இழுத்துப் போர்த்தின வேலை. கொழும்பில் இருக்கிற யாருக்கும் தெரியும், யன்ன பெரி என்றால் போக இயலாது. மட்ட பெரி என்றால் எனக்கு இயலாது. இயலாமை என்று பெயர்ச்சொல்லாகச் சொல்ல வேண்டுமென்றால் பெரிகம என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். பலவீனத்துக்கு துர்வல என்று வேறு சொல் இருக்கிறது. ஆகவே "பலவீனம் பலவீனம்" என்பது ஆங்கில அகராதிக்காரரின் வசதிக்கான பொருள். உள்ளபடி பார்த்தால் "இயலாது இயலாது". மிஸ் சொன்ன பொருள்தான் அகராதியை விட நெருக்கமானது, கதையை விட்டுவிட்டால்.

அடுத்தது, இயலாது என்ற சொல் எப்படி ஒரு நோய்க்குப் பெயராகும் என்று சிலர் கேட்பார்கள். இங்கே தமிழர்களான எங்களுக்கு அந்தக் கேள்வியே வரக்கூடாது. "அப்பாவுக்கு ஏலாது" என்றால் நாம் என்ன விளங்கிக்கொள்கிறோம்? எதைச் செய்ய ஏலாது என்று யாராவது திருப்பிக் கேட்கிறோமா? சுகமில்லை, படுத்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்து ஆட்கள் "ஏலாமல் கிடக்கிறார்" என்பார்கள், முஸ்லிம் வீடுகளில் "ஏலா" என்று சுருக்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் "அவருக்கு உடம்பு முடியலை". இயலாமையைச் சொல்லும் வினை, நோயைச் சொல்லும் சொல்லாகத் திரும்புவது இந்தப் பக்கத்து மொழிகளில் மிகச் சாதாரணம். ஆங்கிலத்தில் சும்மா இயலாது என்று சொல்லிவிட்டு நோய் என்று விளங்க வைக்க முடியாது, அதனால்தான் ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் "நோயாளி எழும்ப முடியாமல் முடியாது முடியாது என்று முனகினான்" என்று ஒரு காட்சியைக் கட்ட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்தக் காட்சி தேவையில்லை.

ஒலி விஷயமும் ஒன்று. சிங்களத்தில் அந்த முதல் உயிர் எகரமும் இல்லை, அகரமும் இல்லை, ஆங்கிலத்தில் கெட், பேட் என்பவற்றில் பின்னதில் வருகிற மாதிரி வாயை அகலத் திறந்து சொல்வது. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் நாம் பெரி என்று எழுதுகிறோம். போர்த்துக்கேயரும் எகரம் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒல்லாந்தரும் அப்படித்தான். சென்னைப் பக்கத்து ஆங்கில நிர்வாகச் சொற்பட்டியலில் பரிபரி என்று அகரத்தோடு இருக்கிறது. ஒருவருக்கு எகரமாகவும் இன்னொருவருக்கு அகரமாகவும் கேட்டிருந்தால், நடுவில் அந்தச் சிங்கள ஒலி இருந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம், அசைன்மெண்டில் போடவேண்டாம்.

சரி, ஆட்டுக்கு வருவோம். உங்கள் கூட்டாளியின் அப்பப்பா சும்மா சொல்லவில்லை. யாகோபுஸ் பொன்தியுஸ் என்ற ஒல்லாந்த வைத்தியர் 1627இல் பத்தாவியாவுக்கு வந்தார், அதாவது இன்றைய ஜகார்த்தா. 1631இல் அங்கேயே இறந்துபோனார். அவர் எழுதி வைத்த வைத்தியக் குறிப்புகள் 1642இல் அச்சாயின. அதில், இங்குள்ள மக்கள் பெரிபெரி என்று சொல்லும் ஒரு நோய் இருக்கிறது, அந்தச் சொல்லுக்கு ஆடு என்று பொருள், நோய் வந்தவர்கள் முழங்கால் நடுங்க, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடு நடக்கிற மாதிரி நடப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். பாதத்தைத் தூக்கும் நரம்பு செத்தால் உண்மையாகவே அப்படித்தான் நடப்பார்கள், ஆகவே அவர் பார்த்தது சரி. ஆனால் கவனியுங்கள், "நினைக்கிறேன்" என்கிறார். மலாய் மொழியில் ஆட்டுக்கு அந்தச் சொல் இருப்பது உண்மை. நோயின் பெயர் அதுவேதானா, அல்லது வெளியிலிருந்து வந்த ஒரு பெயர் மலாய்க்காரர் காதில் ஆடாக ஒலித்ததா என்பதுதான் கேள்வி. வத்தளைத் தம்பிக்குப் பெரிசு பெரிசு என்று கேட்ட மாதிரி.

தமிழன்டா_வத்தளை

என்னை ஏன் இழுக்கிறீர்கள் 😄 சரி ஆனால் ஒன்று கேட்கிறேன். மலாய்க்காரர் காதுக்கு ஆடு, தமிழன் காதுக்குப் பெரிசு என்றால் சிங்களவர் காதுக்கு இயலாது என்று கேட்டிருக்கக் கூடாதா? அவர்களுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

இருமொழி (வெள்ளவத்தை)

நல்ல கேள்வி, உண்மையாகவே. விதிவிலக்கு இல்லை. 1568ஐ ஒட்டிய நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஒரு போர்த்துக்கேய வரலாற்றில், நம்முடைய ஆட்கள் பெர்பெரே என்ற நோயில் விழுந்தார்கள், வயிறும் காலும் வீங்கி, சில நாளில் செத்தார்கள், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்று வருகிறது. ஹொப்சன் ஜொப்சன் எடுத்துக்காட்டுவதும் அதைத்தான். அந்தக் காலத்தில் போர்த்துக்கேயர் கோவா, கொழும்பு, மலாக்கா, மொலுக்கா என்று ஒரே கப்பலில் ஓடித் திரிந்தவர்கள். கொழும்பில் கேட்ட சொல்லை மலாக்காவில் சொல்லியிருக்கலாம், அங்கே கேட்டதை இங்கே சொல்லியிருக்கலாம்.

சிங்களத்துக்கு நான் ஒரு படி கூடக் கொடுப்பது, பொருள் நேராகப் பொருந்துவதால். எழும்ப இயலாத நோய்க்கு இயலாது என்று பெயர். ஆட்டுக்கு நடையை இடையில் கொண்டுவர வேண்டும், அதுவும் நோயின் ஒரு வகைக்குத்தான் பொருந்தும், வீங்கிச் சாகிறவனுக்கு ஆட்டு நடை எங்கே? அரபு மூலம் சொல்கிறவர்கள் மூச்சுத்திணறல் என்ற சொல்லையும் கடலோடி என்ற சொல்லையும் சேர்த்து ஒட்டுகிறார்கள், அது எனக்கு ரொம்பத் தூரம். ஆனாலும் முடிவான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். "பெரும்பாலும்" என்ற சொல்லைப் போட்டு எழுதினால் எந்த மிஸ்ஸும் வெட்ட முடியாது.

இரவு_டியூட்டி

மொழிச் சண்டை நல்லாப் போகிறது, ஆனால் தங்கச்சிக்கு "மூலமும் பொருளும்" வேண்டும் என்றார், பொருள் பக்கம் யாரும் வரவில்லை. நான் மெடிக்கல் வாட்டில் வேலை செய்கிறவன், அதிலிருந்து சொல்கிறேன்.

பழைய புத்தகங்களில் பெரிபெரி என்றால் அறிகுறிகளின் தொகுப்புக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். காரணம் தெரியாது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் தயமின், அதாவது விற்றமின் பீ1, குறைந்ததால் வரும் நோய். சொல் அதேதான், பொருள் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு இடம் மாறிவிட்டது. அசைன்மெண்டில் இந்த ஒரு வரி இருந்தால் மிஸ்ஸுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரவகை, உலர்வகை என்று இரண்டாகப் பிரிக்கிறோம். ஈரவகையில் இதயம் அடிபடும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். உலர்வகையில் நரம்பு. பாதம் எரியும், மரக்கும், பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் போகும், குந்தியிருந்து எழும்பச் சொன்னால் எழும்ப மாட்டார்கள். அந்தக் குந்தியெழும்பல் இன்றைக்கும் பரிசோதனைகளில் ஒன்று. "இயலாது" என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது விளங்கும். இரண்டு வகையும் ஒரே ஆளில் கலந்தும் வரும்.

ஏன் இதயமும் நரம்பும்? குளுக்கோசை உடைத்துச் சக்தி எடுக்கிற பாதையில் சில நொதியங்களுக்குத் தயமின் இல்லாமல் வேலை ஓடாது. எந்த உறுப்பு இடைவிடாமல் சக்தி கேட்கிறதோ அதுதான் முதலில் விழும். உடம்பில் தயமின் சேமிப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான், உள்ளே வருவது நின்றால் சில கிழமைகளில் கரைந்துவிடும். அதனால்தான் பழைய கப்பல்களிலும் முற்றுகையில் அகப்பட்ட கோட்டைகளிலும் திடீரென்று கூட்டமாக விழுந்தார்கள்.

ஹொப்சன் ஜொப்சனில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பாமசி அண்ணா சொல்லாமல் விட்டுவிட்டார். மிகக் கடுமையாக வந்தவர்கள் சில வேளை 6 முதல் 30 மணித்தியாலத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்று அந்தப் பதிவு சொல்கிறது. முதலில் வாசித்தபோது மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். இல்லை. ஈரவகையின் அதிவேக வடிவம் ஒன்று உண்டு, இதயம் மளமளவென்று விழுந்துவிடும், அதற்கு ஷோஷின் பெரிபெரி என்று பெயர். ஷோஷின் ஜப்பானியச் சொல், நோய் இதயத்தைத் தாக்குவதைச் சொல்வது. ஆக, சிங்களம் (பெரும்பாலும்!) ஒன்று, ஜப்பானியம் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரே நோய்ப்பெயராக உட்கார்ந்திருக்கின்றன. இந்த நிலையில் வந்தவருக்குத் தயமின் ஊசி ஏற்றினால் மணித்தியாலக் கணக்கில் திரும்பி வருவார், வாட்டில் அப்படி ஒரு திருப்பத்தைக் காண்பது அபூர்வம்.

இந்தக் காலத்தில் எங்கே பெரிபெரி என்று நினைக்காதீர்கள். குடிக்கிறவர்கள், சாப்பாட்டை விட்டுவிட்டுக் கசிப்பில் ஓடுகிறவர்கள், கர்ப்பத்தில் நிற்காமல் வாந்தி எடுக்கிற பெண்கள், வயிற்றைச் சுருக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்கள். மூளையைத் தாக்கினால் வெர்னிக்கே என்போம், 1881இல் அந்தப் பெயருடைய வைத்தியர் விவரித்ததால். அப்படிச் சந்தேகம் இருக்கிற ஆளுக்குக் குளுக்கோசு சேலைனைத் தொங்கவிட முன் தயமின் போக வேண்டும். இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் குளுக்கோசு தின்றுவிடும், நிலைமை மோசமாகும். இது நேர்சிங் பரீட்சையில் வரும், எழுதி வையுங்கள்.

நாடரிசி (புறக்கோட்டை)

4ஆம் குறுக்குத் தெருவில் பரம்பரையாக அரிசி யாவாரம் எங்களுக்கு. இந்தத் திரியை மகள் காட்டினாள், அரிசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். இந்த நோயே அரிசிக் கதைதானே.

தயமின் இருப்பது தவிட்டிலும் அரிசியின் முளையிலும். பச்சையரிசியை மில்லில் பளபளவென்று தீட்டினால் அது போய்விடும். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால், அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அதுதான் புழுங்கல், இங்கே நாடு என்று விற்கிறோம். நம்முடைய ஆட்கள் சத்து என்று தெரிந்தா அவித்தார்கள், நெல் உடையாமல் குத்துப்படும், கன நாள் இருக்கும் என்றுதான் அவித்தார்கள்.

என் பாட்டனாரின் ஆட்கள் பாதிப்பேர் மலாயாப் பக்கம் போனவர்கள், அதனால் இதைத் தேடி வாசித்திருக்கிறேன். அங்கே பிரடன் என்று ஒரு ஆங்கில டொக்டர், 1907இல் பெரிபெரி பற்றி ஒரு புத்தகம் போட்டார். சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் சீயத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த தீட்டிய வெள்ளையரிசி தின்று கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள், பக்கத்திலேயே தோட்டத்தில் இருக்கிற தமிழர்களுக்கு இந்த நோய் வருவதே அபூர்வம், அவர்கள் தின்பது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி என்று அவர் கண்டார். காரணத்தை அவர் வேறு மாதிரி நினைத்தார், பழைய வெள்ளையரிசியில் ஏதோ விஷம் ஊறுகிறது என்று. அதே காலத்தில் பிளெச்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு வெள்ளையரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் என்று போட்டுப் பார்த்தார். வெள்ளையரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு சோதனை செய்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

இப்போது சுப்பர் மார்க்கெட்டில் வெள்ளை வெளேரென்று கேட்டு வாங்குகிறார்கள். நாங்கள் விற்கத்தான் செய்கிறோம், என்ன செய்வது. வேறு சாப்பாடு நிறைய இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை.

பழைய_பாமசி (தெஹிவளை)

நாடரிசி ஐயா நல்ல இடத்துக்குக் கொண்டுவந்தார். சொல்லாராய்ச்சிக்குத் திரும்பவும் ஒரு கொக்கி இதிலிருந்தே வருகிறது. விற்றமின் என்ற சொல்லே இந்த நோயைத் தேடிப் போன வழியில் பிறந்ததுதான்.

பத்தாவியாவில், பொன்தியுஸ் இருந்த அதே ஊரில், 1890களில் எய்க்மான் என்ற ஒல்லாந்த டொக்டர் கோழிகளுக்கு இதே மாதிரி கால் விழுவதைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்ட காலத்தில் கோழி விழுந்தது. புதிதாக வந்த சமையல்காரர் இராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்த, தவிடு போகாத அரிசி போட்டார்கள், கோழி எழும்பியது. எய்க்மானும் விஷம் என்றுதான் முதலில் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்பவர்தான் 1901இல், விஷம் இல்லை, தவிட்டில் இருக்கிற ஏதோ ஒன்று இல்லாமல் போவதுதான் என்றார். 1912இல் லண்டனில் கசிமிர் ஃபங்க் அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் வைத்தார். லத்தீனில் வீட்டா என்றால் உயிர், அமீன் என்பது நைதரசன் உள்ள ஒரு வகைச் சேர்வை. இரண்டையும் சேர்த்து விற்றமீன். பிறகு எல்லா விற்றமினும் அமீன் இல்லை என்று தெரியவந்ததும், 1920இல் டிரமண்ட் என்பவர் ஆங்கில எழுத்தில் கடைசியில் இருந்த ஈயை வெட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் உயிர்ச்சத்து என்று படித்தோமே, அது ஃபங்க் நினைத்ததற்கு நல்ல பொருத்தம்.

எய்க்மானுக்கு 1929இல் நோபல் கிடைத்தது, ஹொப்கின்சோடு பங்கு. கிரைன்சுக்கு ஒன்றும் இல்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்.

ஜப்பானையும் விடக்கூடாது. அங்கே இதற்குக் கக்கே என்று பெயர், காலை வைத்து வந்த பெயர். 1883இல் ஒரு கடற்படைப் பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு வந்து 25 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் தகாகி என்ற கடற்படை டொக்டர் அதே பாதையில் இன்னொரு கப்பலை அனுப்பி, சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி கொடுத்தார், ஒரு சாவும் இல்லை. அவருக்கும் காரணம் சரியாகப் பிடிபடவில்லை, புரதம் போதாது என்று நினைத்தார், ஆனால் வேலை நடந்தது.

ஊசிமருந்து (கொட்டாஞ்சேனை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அரைப்பக்கத்தில் எப்படி அடக்குவது என்பதுதான் இப்போது பிரச்சினை. இருமொழி அண்ணா, இரண்டு மூன்று வரியில் மூலம் பகுதியை மட்டும் சொல்லுங்களேன், நான் என் சொல்லில் மாற்றிக்கொள்கிறேன். ஆட்டையும் விடாதீர்கள், அவள் என் பக்கத்துக் கதிரை, கோபித்துக்கொள்வாள்.

இருமொழி (வெள்ளவத்தை)

இப்படி எழுதிப் பாருங்கள்:

பெரிபெரி என்ற பெயர் பெரும்பாலும் இயலாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இரட்டித்ததால் வந்தது என்று ஒக்ஸ்போர்ட் உட்பட முக்கிய அகராதிகள் கருதுகின்றன. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயர் வழியாக அது ஐரோப்பிய மொழிகளுக்குள் வந்தது. 1642இல் அச்சான தன் நூலில் பொன்தியுஸ், நோயாளியின் நடையை வைத்து, ஆட்டைக் குறிக்கும் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்தினார், மலாய் மூலம் சொல்கிறவர்கள் அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது பந்திக்கு இரவு டியூட்டிக்காரர் சொன்ன அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போன கதையை எடுங்கள், கடைசியில் விற்றமின் என்ற சொல் பிறந்ததை ஒரு வரி. கோழியை விட்டுவிடுங்கள், கோழி வந்தால் அரைப்பக்கமும் போய்விடும்.

இரவு_டியூட்டி

அகராதிகள் பலவீனம் என்றல்லவா சொல்கின்றன, நீங்கள் இயலாது என்று அகராதி வாயில் போடுகிறீர்களே. மிஸ் அகராதியை எடுத்துப் பார்த்தால்?

இருமொழி (வெள்ளவத்தை)

சரி, "பலவீனம், இயலாமை என்ற பொருள் தரும்" என்று மாற்றுங்கள் தங்கச்சி. சிங்களப் பிள்ளைகள் யாரும் கேட்டால் இயலாமைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

பழைய_பாமசி (தெஹிவளை)

இன்னொன்று, தேடும்போது பழைய புத்தகங்களில் பார்பியர்ஸ் என்று ஒரு நோய் வரும், சவரக்காரர் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். நீண்ட காலம் அதையும் பெரிபெரியையும் வேறு வேறு நோய் என்று வைத்திருந்தார்கள். 1870களில் ஜோசப் ஃபேயரர் என்ற வைத்தியர் அது பெரிபெரியின் உலர்வகைதான் என்று எழுதினார். ஹொப்சன் ஜொப்சனும், பொன்தியுஸ் பார்த்த ஆட்டு நடைக்காரர்கள் பார்பியர்ஸ் வகை என்றே சொல்கிறது. பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கு இதையும் சொல்லிவிடுங்கள், ஆடு உலர்வகைக்குச் சொந்தம்.